மீனுக்குக் கதவு தெரிய வேண்டும்

பிறந்த ஓடையைத் தேடிக் கடலிலிருந்து திரும்பும் சால்மன், ஆற்றுக்குள் புகுந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. அது தீர்வதற்குள் முட்டையிட்டாக வேண்டும். அப்படி வரும் மீனின் எதிரே, அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், 1938 முதல் போனவில் அணை நிற்கிறது.

அங்கே மீன்களுக்கென்று படிக்கட்டு உண்டு. 'மீன் ஏணி' என்கிறார்கள். சிறு சிறு தொட்டிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 30 செ.மீ. உயரம். மேலிருந்து நீர் வழிந்தபடி இருக்கும். தொட்டிச் சுவர்களின் அடியில் துளைகளும் இருப்பதால் துள்ளாமலே நீந்தி ஏறலாம். ஒவ்வொரு தொட்டியிலும் நீரின் வேகம் அடங்குவதால் மீன் இளைப்பாறவும் முடியும்.

ஆனால் ஏறுவதைவிடக் கடினம், ஏணியின் வாயைக் கண்டுபிடிப்பது. மீன் நீரோட்டத்தை எதிர்த்தே வழி அறிகிறது. டர்பைன்களிலிருந்து பேரிரைச்சலோடு நீர் பாயும் இடத்தில், ஒரு மூலையில் மெல்ல வழியும் ஏணியை அது எப்படி உணரும்? அதனால் நுழைவாயிலில் கூடுதல் நீரைச் செலுத்தி, மீனை ஈர்க்கும் ஓட்டத்தை உண்டாக்குகிறார்கள். இது சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல ஏணியும் வெறும் கான்கிரீட்தான்.

சால்மனுக்காகக் கட்டிய அதே ஏணி, விலாங்குபோல நீண்ட லாம்ப்ரேக்குத் தடையானது. வேகமான நீரில் அது வாயால் சுவரைக் கவ்விக் கவ்வி முன்னேறும். கூரான விளிம்பில் பிடி நழுவிவிடும். விளிம்புகளை வளைவாக்கியும், வழவழப்பான சரிவுப் பாதைகள் அமைத்தும் கொடுத்தார்கள். அந்த ஆற்றோரப் பழங்குடிகளுக்கு லாம்ப்ரே தலைமுறை தலைமுறையான உணவு என்பதால் இது எனக்குச் சின்னத் திருத்தமாகத் தெரியவில்லை.

கடலை நோக்கிக் கீழிறங்கும் சால்மன் குஞ்சுகளின் பாடு வேறு. அவற்றை டர்பைனுக்குள் போகாமல் வலைத்திரைகளால் திருப்பிவிடுகிறார்கள், மதகுகளைத் திறந்து நீரோடு அனுப்புகிறார்கள், சிலவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோயும் விடுகிறார்கள்.

நம் உல்லம் மீனும், அதாவது வங்காளிகளின் இலிஷும், முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறுவதுதான். முன்பு கங்கையில் அலகாபாத்தையும் தாண்டிப் போனது. 1975இல் மேற்கு வங்கத்தில் ஆற்றின் குறுக்கே ஃபரக்கா தடுப்பணை வந்தபின் மேலே அதன் வரத்து ஏறக்குறைய அற்றுப்போனது. காவிரியிலும் கொள்ளிடத்திலும்கூட ஒருகாலத்தில் உல்லம் ஏறியது. அது சால்மனைப்போலத் துள்ளி ஏறும் மீனல்ல. அதற்கு வேண்டியது, பருவம் பார்த்துத் திறக்கும் மதகும் அந்த நாள்களில் ஆற்றில் ஓடும் நீரும்.