ஒளிரும் சயனைடெல்லாம் விண்மீன் ஆகிவிடாது

“சுருள் விண்மீன் மண்டலத்தின் நடுவில் அடர்ந்த வாயு மிகுதி, ஆகவே அங்கே விண்மீன் உருவாக்கத் திறனும் மிகுதி.” இந்த வரியை இன்னும் எத்தனை ஆய்வேடுகளில் சிவப்பு மையால் அடிப்பது? முன்பாதி சரி. அந்த “ஆகவே”தான் வம்பு.

திறன் என்பது மொத்தம் எத்தனை விண்மீன் பிறக்கிறது என்பதல்ல. உள்ள அடர்வாயுவில் ஆண்டுக்கு எத்தனை பங்கு விண்மீனாகிறது என்பது. பத்துப் படி மாவில் நூறு இட்லி வார்த்தவர், ஒரு படியில் முப்பது வார்த்தவரைவிடக் கெட்டிக்காரரா? இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், அடுத்த வரைவில் பழைய வரியே திரும்பி வருகிறது.

அடர்வாயுவுக்கு அடையாளமாக ஹைட்ரஜன் சயனைடு (சுருக்கமாகச் சயனைடு) மூலக்கூறின் ஒளிர்வையும், விண்மீன் பிறப்புக்கு அடையாளமாக அகச்சிவப்பு ஒளிர்வையும் அளப்பது வழக்கம். 2004-ல் காவோ, சாலமன் என்ற ஆய்வாளர்கள் 65 மண்டலங்களில் இவ்விரண்டும் சேர்ந்தே ஏறுவதைக் காட்டினார்கள். அது ஒவ்வொரு மண்டலத்தையும் ஒரே புள்ளியாக வைத்துப் பார்த்தது. ஸ்பெயினிலுள்ள ஐராம் 30 மீட்டர் தொலைநோக்கியால் ‘எம்பயர்’ குழு 9 சுருள் மண்டலங்களைப் பகுதி பகுதியாக அளந்தபோது வேறொன்று தெரிந்தது. நடுவை நெருங்க நெருங்க, மொத்த மூலக்கூறு வாயுவைக் காட்டும் கார்பன் மோனாக்சைடுக்கு எதிரான சயனைடு விகிதம் ஏறுகிறது. சயனைடுக்கு எதிரான அகச்சிவப்பு விகிதம் இறங்குகிறது. வாயு அடர்கிறது, திறன் குறைகிறது.

நம் பால்வீதியே சாட்சி. அதன் நடுப்பகுதியில் சில கோடி சூரிய நிறை வாயு இருக்கிறது. சூரியனுக்கு அருகிலுள்ள மேகங்களின் கணக்கை அங்கே போட்டால் வரவேண்டிய விண்மீன்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிறக்கிறது. ‘செங்கல்’ எனப்படும் மேகம் சுமார் 1 லட்சம் சூரிய நிறை. அதில் பிறப்பு ஏறக்குறைய இல்லை. கன சென்டிமீட்டருக்கு 10,000 மூலக்கூறு என்பது ஓரியன் மேகத்தில் தன் எடையால் சரிந்து விண்மீனாகத் தயாரான வாயுக் கரு. சராசரியே அவ்வளவாக உள்ள கொந்தளிப்பான நடுப்பகுதியில் அது வெறும் தரைமட்டம்.

சயனைடையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 2017-ல் ஓரியன் ஏ மேகத்தை அளந்தவர்கள், சயனைடின் 88.6 ஜிகாஹெர்ட்ஸ் ஒளியில் ஏறத்தாழ பாதி, கன சென்டிமீட்டருக்கு 1,000 மூலக்கூறுக்கும் குறைவான அடர்த்தியிலிருந்தே வருவதாகக் கண்டார்கள். ஆகவே 10 என்ற மாறாக் காரணியால் பெருக்கி “அடர்வாயு நிறை” என்று எழுதும் முன், அளந்த ஒளிர்வு விகிதத்தை அப்படியே கொடுங்கள். 93.2 ஜிகாஹெர்ட்ஸில் டையசெனிலியம் என்ற நைட்ரஜன் அயனி கிடைத்தால் அதையும் சேருங்கள். அது குளிர்ந்த கருக்களுக்கு நெருக்கமான சாட்சி, ஆனால் மிக மங்கல்.

கற்றையை, அதாவது தொலைநோக்கி ஒரே புள்ளியாகப் பார்க்கும் வானத் துண்டின் அளவை, இரு வரைபடங்களிலும் சமன்செய்யாமல் வகுக்காதீர்கள். 88.6 ஜிகாஹெர்ட்ஸில் அந்த 30 மீட்டர் தொலைநோக்கியின் கற்றை சுமார் 28 விகலை (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). எம்51 என்ற சுருள் மண்டலத்தில் அது 3,500 ஒளியாண்டைத் தாண்டும். கார்பன் மோனாக்சைடு வரைபடத்தை அந்த அளவுக்கு மங்கலாக்கிய பிறகே விகிதம் எடுக்க வேண்டும். அதே மண்டலத்தின் மையக் கருந்துளையும் தூசியைச் சூடாக்குகிறது. அந்த அகச்சிவப்பை விண்மீன் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன்: வெளித்தட்டில் சயனைடு தெரியவில்லை என்று அந்தப் புள்ளிகளைத் தூக்கி எறியாதீர்கள். பிரகாசமானவை மட்டும் மிஞ்சினால் வரைபடத்தின் சாய்வே பொய்யாகிவிடும். கார்பன் மோனாக்சைடு காட்டும் திசைவேகத்துக்கு ஒவ்வொரு நிறமாலையையும் நகர்த்தி, வளையம் வளையமாகச் சராசரி எடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் மேல்வரம்பைக் குறியுங்கள்.