ரேஞ்சர்: வனச்சரகரா, காவலரா, காப்பாளரா?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் வசன வரிகள் எழுதிக்கொண்டிருந்தேன். ‘பார்க் ரேஞ்சர்’ என்று வந்த இடத்திலெல்லாம் யோசிக்காமல் ‘வனச்சரகர்’ என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வனச்சரகர் நுழைவாயிலில் உட்கார்ந்து கட்டணம் வாங்கினார். இன்னொரு வனச்சரகர் பிள்ளைகளுக்குப் பாறையைக் காட்டிக் கதை சொன்னார். மூன்றாமவர் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு காரை மறித்தார். நான்காமவர் புகைக்குள் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பூங்காவுக்கு எத்தனை வனச்சரகர்கள் என்று நானே சிரித்துவிட்டேன்.

தமிழ்நாட்டு வனத்துறையில் வனச்சரகர் என்பது ஒரு பதவி. வனக்கோட்டத்தைச் சரகங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு சரகத்துக்குப் பொறுப்பானவர் வனச்சரக அலுவலர், பேச்சில் வனச்சரகர் அல்லது ரேஞ்சர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று வரிசை இறங்கும். அதாவது இங்கே ரேஞ்சர் என்றால், ‘ரேஞ்ச்’ என்ற நிலப்பகுதியை ஆள்கிறவர். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தபோது இருந்த பொருள் அதுவல்ல.

வேரைத் தோண்டினால் முதலில் கிடைப்பது ‘வரிசை’. பழைய பிரெஞ்சில் வரிசையைக் குறித்த சொல்லிலிருந்துதான் ஆங்கில ‘ரேஞ்ச்’ வந்தது. ராணுவத்து ‘ரேங்க்’கும், அடுக்கிவைக்கிற ‘அரேஞ்ச்’சும் அதன் பங்காளிகள். மலைத்தொடரை ஆங்கிலத்தில் ரேஞ்ச் என்பது இந்த வரிசைப் பொருளில்தான். “அவர் ரேஞ்சே வேற” என்று நாம் சொல்வதும் சுற்றிவளைத்து இங்கேதான் வந்து சேரும். இன்னும் ஆழமாகப் போனால் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஜெர்மானிய மொழி ஒன்றிலிருந்து வாங்கியிருக்கிறார்கள்; அங்கே அதற்கு வட்டம், வளையம் என்று பொருள். விரலில் போடுகிற ரிங்கும் அதே குடும்பம். வட்டம் வரிசையாகி, வரிசை அலைந்து திரிவதாகி, அந்த வினையோடு ‘செய்பவர்’ விகுதி சேர்ந்து ரேஞ்சர் ஆனது. சுற்றித் திரிகிறவர், அவ்வளவுதான்.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ரேஞ்சர் என்றால் அரசனுடைய காட்டைச் சுற்றிவந்து காக்கும் உறுதிமொழி ஏற்ற அலுவலர். ‘அரசனுடைய காடு’ என்றதும் அடர்ந்த மரங்களை நினைக்க வேண்டாம். நார்மன் மன்னர்கள் காலத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்பது ஒரு சட்டச் சொல்: மன்னன் வேட்டையாடுவதற்கென்று ஒதுக்கி, தனிச் சட்டத்தின் கீழ் வைத்த நிலம். அதில் புல்வெளியும் இருக்கும், ஊரும் இருக்கும். லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குள் ‘வெளியே’ என்ற பொருள்தான் இருக்கிறது. ஆக, பிறந்த நாளிலிருந்தே ரேஞ்சர் மரம் வளர்க்கிறவரில்லை, சட்டத்தைக் காக்கிறவர். மன்னனின் மானைத் திருடுகிறவனைப் பிடிப்பதுதான் வேலை.

இந்தப் பழைய பொருள் அமெரிக்காவில் மறுபடி உயிர்பெற்றது. 1872-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது, ஆனால் காவலுக்கு ஆளில்லை. 1880-இல் ஹாரி யவுன்ட் என்பவரை விலங்குக் காப்பாளராக அமர்த்தினார்கள். பூங்காவின் பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர், ஆள் ஒருவர். அடுத்த ஆண்டே அவர் வேலையை விட்டுவிட்டார், ஒரு மனிதனால் ஆகாது, சிறிய காவல் படையே வேண்டும் என்று அறிக்கை எழுதிவிட்டு. அவரைத்தான் இன்று பலரும் முதல் பார்க் ரேஞ்சர் என்கிறார்கள். 1886-இல் ராணுவம் பொறுப்பேற்றது. குதிரைப்படை வந்து இறங்கியபோதே பூங்கா பல இடங்களில் எரிந்துகொண்டிருந்தது. கூடாரம் போட்ட கையோடு வீரர்கள் தீயணைக்கப் போனார்கள். காவலும் தீயும் ஒரே ஆளின் தலையில் விழுந்தது இப்படித்தான்.

ஆள் வந்தும் சட்டம் வரவில்லை. 1894 மார்ச் மாதப் பனியில், எட்கர் ஹோவெல் என்பவன் காட்டெருமையைச் சுட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். ராணுவத்துக்குத் துப்புப் பார்த்த ஃபெலிக்ஸ் பர்ஜஸ், திறந்த பனிவெளியில் சறுக்குக்கட்டைகளில் அவனை நோக்கிப் போனார். காற்று பலமாக அடித்ததால் அவனுக்கும் கேட்கவில்லை, அவனுடைய நாய்க்கும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அப்புறம்? தண்டிக்க வழியில்லை! பொருள்களைப் பறித்துக்கொண்டு பூங்காவை விட்டு விரட்டலாம், அவ்வளவே. இது பத்திரிகையில் வந்து கொந்தளிப்பான பிறகு, அதே ஆண்டு மே மாதம் லேசி சட்டம் வந்தது. அபராதமும் சிறையும் அதிலிருந்துதான். பர்ஜஸ் செய்தது ரேஞ்சர் வேலை, பெயர் மட்டும் வேறு. 1916-இல் தேசியப் பூங்காப் பணித்துறை உருவாகி, 1918-இல் ராணுவம் முழுதாக விலகியதும், பூங்காக்களில் அந்தப் பெயர் நிலைத்தது. துப்பாக்கி வைத்திருக்கவும், கைது செய்யவும், குற்றத்தை விசாரிக்கவும் தெளிவான அதிகாரத்தை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அது எல்லா ரேஞ்சர்களுக்கும் இல்லை. அதற்கென்று பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

தீ விஷயமும் அப்படியே. தொப்பி போட்ட எல்லோரும் காட்டுத்தீக்குள் போய்விட முடியாது. போகிறவருக்கு ‘சிவப்பு அட்டை’ என்ற தீயணைப்புத் தகுதி அட்டை வேண்டும். களத்தில் கடும் வேலைக்கு அதை வாங்க ஒரு தேர்வு உண்டு: 45 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ சுமையை முதுகில் மாட்டிக்கொண்டு 3 மைலை 45 நிமிடத்தில் கடக்க வேண்டும். ஓடக்கூடாது, நடக்க வேண்டும். அட்டை இல்லாதவருக்கும் வேலை இருக்கிறது. சாலையை மூடுவது, கூடாரங்களில் இருப்பவர்களை வெளியேற்றுவது, தீ எந்த இடத்தில் பிடித்தது, யாராவது அடுப்பை அணைக்காமல் போனார்களா என்று துருவுவது. இந்தக் கடைசி வேலையில் ரேஞ்சர் மறுபடி போலீஸாகிவிடுகிறார்.

இரண்டு வேலையும் ஒரே கணத்தில் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1910 ஆகஸ்டு 20, 21-இல் ஐடஹோ, மான்டானா மாநிலங்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் தன்னோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்றார். வாசலில் ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டார். பயத்தில் வெளியே பாயப் பார்த்தவர்களைக் கைத்துப்பாக்கியைக் காட்டி, சுட்டுவிடுவேன் என்று மிரட்டி நிறுத்தினார். சிலர் உள்ளேயே இறந்தார்கள்; பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகுமாக இருக்கும் கருவிக்கு இன்றும் அவர் பெயர்தான். தீத்தடுப்புக் கோடு வெட்ட அதைத்தான் எடுப்பார்கள்.

புலாஸ்கி பூங்காத் துறைக்காரர் அல்ல, தேசிய வனங்களைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க வனப்பணித்துறைக்காரர். அங்கே ‘டிஸ்ட்ரிக்ட் ரேஞ்சர்’ என்றொரு பதவி இருக்கிறது. தேசிய வனத்தின் ஒரு பகுதிக்குத் தலைவர் அவர். அவரை வனச்சரகர் என்றால் கச்சிதமாகப் பொருந்தும்.

பூங்கா ரேஞ்சருக்கு என்ன சொல்வது? வனக்காவலர் என்றால் நம் வரிசையின் கீழ்ப்படி. வனக்காப்பாளர் வேலையளவில் கிட்ட வருகிறது, ஆனால் ‘வனம்’ உதைக்கிறது. டெத் வேலியும் தேசியப் பூங்காதான். மணலும் உப்பும் பாறையுமாகக் கிடக்கிற அந்தப் பாலையில் வனத்துக்கு எங்கே போவது? பூங்காக் காவலர் என்று எழுதினால் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் விசிலோடு உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருவார். கானவர் அழகான சொல், சிலர் பரிந்துரைக்கவும் கூடும். ஆனால் சங்கப் பாடல்களில் கானவர் வேட்டைக்காரர். திருடனுக்குப் போலீஸ் சட்டை மாட்டியது போலாகிவிடும்.

நான் ‘தேசியப் பூங்காக் காப்பாளர்’ என்பதில் நின்றேன். விடுதிக் காப்பாளர் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர் பூட்டையும் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்ப்பார். கதை சொல்கிறவர், வழி தவறியவரைத் தேடுகிறவர், தீயோடு மல்லுக்கட்டுகிறவர் எல்லோரும் காப்பாளருக்குள் அடங்கிவிடுகிறார்கள். கைது செய்கிறவருக்கு மட்டும் ‘காவல் அதிகாரமுள்ள காப்பாளர்’ என்று ஒருமுறை நீட்டி எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். காப்பு என்றால் கைவிலங்கும்தானே! அவர்கள் செய்கிற ரோந்துக்குச் ‘சுற்றுக்காவல்’ என்று போட்டேன். பழைய ஜெர்மானிய வட்டம் தமிழில் அந்தச் சுற்றுக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

படத்தை அனுப்பியவர்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, ஒரே ஒரு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு சிறுமி புகையைப் பார்த்து, “ரேஞ்சர்!” என்று கத்துகிறாள். திரையில் அரை நொடிதான். ‘தேசியப் பூங்காக் காப்பாளரே!’ என்று எந்தப் பிள்ளையும் கத்தாது. அங்கே ரேஞ்சர் என்றே விட்டுவிட்டேன்.