கடல் உள்வாங்கினால் நிலநடுக்கம் வருமா?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல் கொஞ்சம் உள்ளே போனால் போதும், நாட்டுப்படகுகள் தரைதட்டிக் கிடக்கும் படத்தோடு எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும்: "பூகம்பம் வரப்போகுதா சார்?" பூமியிலும் மற்ற கோள்களிலும் மேலோடு எப்படி மடிகிறது, உடைகிறது என்று அளப்பதே என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்தான்.

பெரும்பாலும் காரணம் காற்றுதான். பாக் நீரிணையில் பல இடங்களில் ஆழம் 15 மீட்டர்கூட இல்லை. காற்று ஒரே பக்கமாகத் தள்ளி, கடல் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் விலகும், சில மணி நேரத்தில் திரும்பிவிடும்.

தரை நகர்வது வேறு கணக்கு. நம்மைச் சுமக்கும் பூமி மேலோட்டின் பெரிய துண்டான இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது, நாமும் கூடவே போவதால் தெரிவதில்லை. பாம்பன் கரையில் செத்த பவளப்பாறை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறதே, குனிந்து பாருங்கள், அந்தச் சின்ன உயிர்கள் குடியிருந்த நட்சத்திரக் குழிகள் அப்படியே இருக்கும். பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. அப்படியென்றால் தரை உயர்ந்ததா, கடல் இறங்கியதா? சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்மட்டம் இன்றைவிட உயரமாக இருந்திருக்கிறது, அதைக் கழித்தபின் தரையின் பங்கு எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் எங்கள் துறையின் விவாதமே.

புதன் கோளில் இந்தக் குழப்பம் கிடையாது. உள்ளே குளிர்ந்து சுருங்கியதில் எழுந்த, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் செங்குத்துச் சரிவுகளை 1974இல் மரைனர் 10 விண்கலம் படமெடுத்தது. அழிக்க அங்கே மழையும் இல்லை, அலையும் இல்லை. செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலம் ஒரே ஒரு அதிர்வுமானியை வைத்து 2018 முதல் 2022 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிந்தது. ஆனால் எந்தக் கோளிலும் நிலநடுக்கம் இன்ன தேதியில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை, அப்படித் தேதி குறிக்கும் வீடியோவைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி உடைந்தபோது போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது, வட அந்தமானில் பவளப்பாறைகள் வெளியே வந்தன, தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று இலங்கை குறுக்கே நின்றதால் ராமேஸ்வரம் பக்கத்துக் கரை பெரும்பாலும் தப்பியது. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தரை குலுங்கியதை உணர்ந்தாலோ, கடல் சில நிமிடங்களில் மளமளவென்று வற்றினாலோ சங்கு பொறுக்க இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விடுங்கள், அப்புறம் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் சுனாமி அறிவிப்பைப் பாருங்கள். மெதுவாக விலகியிருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், கூடவே நேரத்தையும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் எழுதுங்கள்.