வால்வைப் பாதி மூடினால் பிரஷர் குறையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. 15 மாடிக் கட்டடம், இரண்டாம் தளம், வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்த நேரம். இரவில் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வெடித்து, விடிகாலையில் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் கொட்டிய பிறகுதான் வாட்ச்மேனுக்கே தெரிந்திருக்கிறது. அலமாரியெல்லாம் ஊறி உப்பிவிட்டது. நான் போனதும் அசோசியேஷன் செயலாளர் சொன்ன முதல் பேச்சு: “சார், கீழ்த்தளத்துக்கு வர்ற கேட் வால்வைப் பாதி மூடித்தான் வெச்சிருக்கோம், பிரஷருக்கு வாய்ப்பே இல்லை.”

இதை எத்தனை கட்டடத்தில்தான் கேட்பது! பாதி மூடிய வால்வு, தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் தடுக்கும். பகலில் குழாயைத் திறந்தால் மெதுவாக வரும், பிரஷர் குறைந்துவிட்டது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். இரவு எல்லாரும் குழாயை மூடிவிட்டுத் தூங்கப் போனதும் ஓட்டமே கிடையாது, ஓட்டம் இல்லையென்றால் தடையும் இல்லை, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நிற்கிற மொத்தத் தண்ணீரும் அந்த ஹோஸ் மேல்தான் உட்காரும். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் பிரஷர். இரண்டாம் தளத்தில் 4 பார் தாராளமாக வரும். பால் வால்வைப் பாதியில் நிறுத்தினாலும் இதே கதைதான், கூடவே அதன் சீட்டும் (மூடும்போது வால்வு அழுந்தி உட்காரும் வளையம்) அரித்துப்போகும்.

ஓட்டம் இல்லாதபோதும் பிரஷரைப் பிடித்து நிறுத்துவது பி.ஆர்.வி. (பிரஷரைக் குறைக்கும் வால்வு) மட்டும்தான். சரி, வாங்கப் போனால் அடுத்த தப்பு: “லைன் 2 இஞ்ச், வால்வும் 2 இஞ்ச் கொடுங்க.” பைப் அளவைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் வால்வு மயிரிழை திறந்தபடியே நின்று கடகடவென்று சத்தம் போடும், சீக்கிரம் தேயும். உயரமான டவர்களில் 9 பாரை ஒரே வால்வில் 2 பாராக இறக்கவும் பார்க்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டுமென்றால் இரண்டு வால்வு வைத்து, இரண்டு படியாக இறக்குங்கள்.

மாட்டும் முன் லைனை நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்கள். சிமென்ட் துகளும் டெஃப்லான் டேப் துணுக்கும் சீட்டில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. முன்னால் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), இரண்டு பக்கமும் பிரஷர் கேஜ், அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்தால் அப்புறம் யார் ஏறிக் கழுவுவது? பி.ஆர்.வி.யைச் சுற்றிப் போகும் பைபாஸ் லைன் வைத்தால் அதிலும் ஒரு பி.ஆர்.வி. போடுங்கள். வெறும் வால்வு போட்டால், சர்வீஸ் நாளில் திறப்பவர் மூட மறப்பார். நான் பார்த்ததில் பாதி இப்படித்தான்.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். பி.ஆர்.வி. போட்ட பிறகு கீசரின் சேஃப்டி வால்வு சொட்டினால் அதை அடைத்துவிடாதீர்கள். சூட்டில் விரிகிற தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் சொட்டுகிறது. தொல்லையாக இருந்தால், விரிகிற தண்ணீரை வாங்கிக்கொள்ளச் சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

எல்லாக் குழாயையும் மூடிவைத்து 2 அல்லது 2.5 பாருக்கு செட் செய்யுங்கள். இரவு 11 மணிக்கு கேஜைப் பாருங்கள், விடிகாலை 4 மணிக்கு, யாரும் குழாயைத் தொடும் முன், இன்னொரு முறை பாருங்கள். முள் 4-க்கு ஏறியிருந்தால் சீட்டில் அழுக்கு இருக்கிறது, இல்லை பைபாஸ் திறந்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு போன் செய்யுங்கள்.