344, 356, 166: மூன்று தவறான விடைகளுக்குள்ளே

503-லிருந்து 247-ஐக் கழித்தால் 256. மூன்று குழந்தைகள் இதற்கு 344, 356, 166 என்று விடை எழுதியதாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் பூஜ்யம்தான். "கவனமாகப் போடு" என்ற ஒரே அறிவுரையும் மூவருக்கும் கிடைக்கும்.

ஆனால் கவனத்தில் குறையே இல்லை. 344 எழுதிய குழந்தை 3-இல் 7 போகாது என்று கண்டு, 7-இல் 3 போக 4 என்கிறது. அடுத்து 4-இல் 0 போக 4. பிறகு 5-இல் 2 போக 3. எது மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற விதியை அது பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 356 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் 0-வை 9 ஆக்கவும் தெரியும். 5-ஐ 4 ஆக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. 166 எழுதிய குழந்தையோ 0-வைத் தொடாமல் தாண்டிப் போய் 5-இடம் கடன் வாங்குகிறது. பத்தாம் இடத்துக்கு வந்ததும் மீண்டும் ஒரு முறை வாங்குகிறது.

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய தவறுகளைக் கணினியைக் கொண்டு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கழித்தலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் எப்படியெல்லாம் கெடலாம் என்று எழுதி வைத்தார்கள். ஒரு மாணவரின் விடைத்தாள் வந்ததும், கெட்ட முறைகள் ஒவ்வொன்றாலும் அதே கணக்குகளைக் கணினி போட்டுப் பார்க்கும். எந்த முறை மாணவரின் தவறான விடைகளை அப்படியே தருகிறதோ, அதுதான் அவர் மனத்தில் இருக்கும் முறை. நிகரகுவா நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் விடைகளை இப்படி அலசினார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கேள்விகளின் தேர்வு. 78 − 35 என்று கேட்டால் நம் மூன்று குழந்தைகளும் 43 என்று சரியாக எழுதிவிடுவார்கள். 52 − 27 என்றால் முதல் குழந்தை மட்டும் 35 என எழுதி மாட்டிக்கொள்ளும். மற்ற இருவரும் 25 எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு இல்லாத வினாத்தாளில் அந்த இருவரின் சிக்கல் வெளியே தெரியவே தெரியாது. நல்ல கணினித் தேர்வு ஒன்று, இதுவரை வந்த விடைகளைப் பார்த்து, மிச்சமிருக்கும் சந்தேகத்தைப் பிரித்துக் காட்டக்கூடிய கணக்கை அடுத்ததாகத் தரும்.

ஒரே விடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கை தவறுவதும் உண்டு. அதே பாணி பல கணக்குகளில் திரும்ப வர வேண்டும். இன்னொரு சிக்கல், இந்தத் தவறான முறைகள் எப்போதும் நிலையானவை அல்ல. வழி தெரியாமல் நிற்கும் குழந்தை ஏதோ ஒரு வழியை அந்த நேரத்தில் உருவாக்கிக்கொள்கிறது என்று பிரவுனும் கர்ட் வான்லேனும் 1980-இல் விளக்கினார்கள். இன்று ஒரு வழி, அடுத்த வாரம் வேறு வழி. அதனால்தான் ஆண்டுக்கு ஒரு பெரிய தேர்வைவிட, அடிக்கடி வைக்கும் ஐந்து நிமிடச் சோதனைகளை நான் நம்புகிறேன்.

356 என்ற விடை சரியான விடையைவிடச் சரியாக 100 கூடுதல். அந்தக் குழந்தையின் கையில் ஐந்து நூறு ரூபாய் விளையாட்டுத் தாள்களும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் கொடுத்து, 247 ரூபாய் கேளுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி, அதில் ஒரு தாளை நாணயங்களாக மாற்றிய பிறகு, நூறு ரூபாய்த் தாள்களை எண்ணச் சொல்லுங்கள். நான்குதான் இருக்கும்.