12 வோல்ட்தானே என்று வால்வு ரேடியோவில் கை வைக்காதீர்கள்

போன வாரம் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு மோரிஸ் மைனர் என்ற பழைய காடியின் (காரின்) ரேடியோ ஒன்று வந்தது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வில் ஓடுவது. மூடியைக் கழற்றும் முன்பே கருகிய வார்னிஷ் வாடை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கொண்டு வந்த தம்பியின் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். வேலை முடிந்து வந்தால் காடியின் கதவைத் திறந்து வைத்து ரேடியோ கேட்பாராம். அவருக்குப் பிறகு பல வருஷம் பேசாமல் கிடந்த செட்டுக்குத் தம்பி நேராகப் பேட்டரியைக் கொடுத்திருக்கிறார். பியூஸ் போயிற்று. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மறுபடியும் கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் இதே கதையோடு வந்த நான்காவது செட் இது. வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "அண்ணே, 12 வோல்ட் பேட்டரிதானே, என்ன ஆகிவிடும்?"

பேட்டரியில்தான் 12 வோல்ட். ரேடியோவுக்குள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. வால்வுக்கு இழை சூடாக 12 வோல்ட் போதும், ஆனால் வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகட்டுக்கு 200, 250 வோல்ட் கொடுத்தால்தான் பழைய செட் பேசும். அதற்காகத்தான் உள்ளே வைப்ரேட்டர் என்று விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் குப்பி நிற்கிறது. அது நொடிக்கு 100 முறைக்கு மேல் பேட்டரி கரண்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தும். செட் போட்டதும் 'ங்ஙீ' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் எகிறும் வோல்ட் இன்னும் பல மடங்கு. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்குக்குள் விரலை விடுவீர்களா? மூடி கழற்றிய ரேடியோவும் அதே ஆபத்துதான். இரண்டு மாதம் முன்பு ஒரு பெரியவர், ஒயரைக் கழற்றிவிட்டோமே என்று உள்ளே கை விட்டு ஷாக் வாங்கிக்கொண்டார். கரண்டை ஒரே திசையில் போக வைக்கும் ரெக்டிஃபையர் வால்வைத் தவிர மற்ற வால்வுகளைப் பிடுங்கி வைத்திருந்ததால், கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் நின்றது வடிய வழியே இல்லை. தயவுசெய்து கேளுங்கள்: 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒயரில் கட்டி, அதன் வழியாகப் பெரிய கண்டென்சரின் முனையை ரேடியோவின் பாடியோடு தொட்டு, நின்ற கரண்டை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, அப்புறம் கையை விடுங்கள். ஒரு கை போதும். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்வது பெரும்பாலும் பஃபர் கண்டென்சர். டிரான்ஸ்ஃபார்மரின் உயர்வோல்ட் சுற்றின் குறுக்கே நிற்கும் சின்னச் சாமான் அது. அந்தக் காலத்தில் மெழுகுத்தாளில் செய்தார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது கசிந்தால் வைப்ரேட்டரின் பாயிண்ட் (தொட்டு விலகும் முனை) பொரிந்து ஒட்டிக்கொள்ளும், பேட்டரி நேராக டிரான்ஸ்ஃபார்மரில் உட்காரும். அந்த நேரத்தில் காப்பாற்ற இருப்பது பியூஸ் ஒன்றுதான். அதைத்தான் வெள்ளித்தாள் சுற்றி அடைத்துவிடுகிறீர்கள்.

ஆகவே பஃபரை டெஸ்ட் செய்யக்கூட வேண்டாம், மாற்றுங்கள். பழைய பஃபரின் மேல் எழுதியிருக்கும் அதே மதிப்பு, 2000 வோல்ட்டாவது தாங்குவது. கடையில் 630 வோல்ட்தான் இருக்கிறது என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள். மதிப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அது அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கென்று கணக்குப் போட்டு வைத்தது. கையோடு ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட் என்ற முனைக்குப் போகும் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் வால்வின் பிளேட் சிவந்து எரியும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது வைப்ரேட்டரைப் பிடுங்கி வெளியே வையுங்கள். வால்வுகளின் இழை மட்டும் சூடாகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் வைப்ரேட்டரைப் போட்டு, சரியான பியூஸோடு கொடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டி எழுப்புகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு செட்டை ஓட விடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

இன்னொன்று, இது ஒயர்மேன் தம்பிகளுக்கு. பழைய மோரிஸ் மைனரில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். புது ஆல்டர்னேட்டர் போடும்போது அதை மாற்றி மைனஸைப் பாடிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், ரேடியோவை யாரும் நினைப்பதில்லை. சில செட்டுகளில் ரெக்டிஃபையர் வால்வே கிடையாது, வைப்ரேட்டரே அந்த வேலையையும் செய்யும். அதில் துருவம் மாறினால் உள்ளே வோல்ட் தலைகீழாக வந்து எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வெடிக்கும். மாற்றும் முன் காடிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செட் பேச ஆரம்பித்ததும் மின்னல் எஃப்எம் வரவில்லை என்று மறுபடி திறக்கவும் வேண்டாம். இந்த செட்டுகளில் பெரும்பாலும் மீடியம் வேவ், லாங் வேவ்தான். இரவில் திருப்பிப் பாருங்கள், தூரத்து ஸ்டேஷன் ஏதாவது பிடிக்கும்.

அந்தத் தம்பியின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, சுற்றைக் கையால் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பழைய சுற்று எத்தனை என்று தெரிந்தால்தான் புதிதாகச் சுற்ற முடியும். பாதி கருகிப் போனதால் எண்ணிக்கை தப்புகிறது. உங்கள் செட்டும் இப்படி ஆகியிருந்தால் எதையும் வெட்டாமல் அப்படியே கொண்டு வாருங்கள். இரண்டு பெட்டியாக வரும் செட் என்றால் இரண்டையும். வெடித்த கண்டென்சரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதன் மேலிருக்கும் எண் எனக்கு வேண்டும்.