ஆஃப் டேயில் துணி துவைப்பேன்

பினாங்கில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது வலியோ நோயோ வந்தவர்கள் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய உதவுபவராக, வேலை செய்கிறேன். கை வலி, தோள் வலி என்று வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பேன். அதில் 24 பாகமாகப் பிரித்த ஒரு வட்டம் இருக்கும். போன வாரத்தில் ஒரு நாளை அதில் நிரப்பச் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் செய்யும் ஓர் அக்கா மணிக்கட்டு வலிக்காக வந்தார். வேலை, பஸ், சமையல், தூக்கம் என்று வட்டம் நிறைந்துவிட்டது. "உங்களுக்குப் பிடித்ததைச் செய்கிற நேரம் எங்கே அக்கா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆஃப் டேயில் துணி துவைப்பேன் மிஸ்" என்றார். கிண்டலே இல்லை.

எங்கள் படிப்பில் ஒருவரின் அன்றாடத்தை மூன்றாகப் பார்ப்போம்: தன்னைப் பராமரிப்பது, உழைப்பது, பொழுதுபோக்குவது. மூன்றாவதை நம் ஆட்கள் மிச்சக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தை 45 ஆகக் குறைத்தது. அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்று கேட்டால் பலர் சொல்வது, ஓ.டி., அதாவது ஓவர்டைம். பிள்ளை படிப்புக்கு ஓ.டி. செய்கிறவரிடம் நான் என்ன வாதாடுவது?

"வந்து படுத்து போன் பார்க்கிறேனே, அது ஓய்வுதானே?" என்ற கேள்வி தவறாமல் வரும். சபீனா சோனென்டாக், ஷார்லோட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007இல், வேலைக் களைப்பிலிருந்து மீள்வதை நான்காகப் பிரித்தார்கள்: வேலை நினைப்பு அறுவது, உடம்பும் மனசும் தளர்வது, ஏதாவது ஒன்றில் கைதேறுவது, அந்த நேரம் நம் இஷ்டத்தில் இருப்பது. சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரூப் அதே போனில் டிங் டிங் என்று அடிக்கும்போது முதலாவது போச்சு. 'இன்னும் ஒரே ஒரு வீடியோ' என்று விரல் தானாக நகரும்போது நான்காவதும் போச்சு. மூன்றாவதைக் கேட்கவே வேண்டாம்.

அக்கா பள்ளியில் பூப்பந்து ஆடியவராம். அந்த மணிக்கட்டோடு உடனே ராக்கெட்டைப் பிடிக்கச் சொல்ல முடியாது. அவருக்கு நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஆஃப். இரவு ஷிப்ட் முடிந்த முதல் ஆஃப் நாளைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் காலையில், அண்ணியோடு தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக் கார்டனில் ஒரு சுற்று. 1884இல் உருவான தோட்டம், நிழலுக்குப் பஞ்சமில்லை, டிக்கெட்டும் இல்லை. குரங்குகளுக்கு மட்டும் ரொட்டி நீட்டாதீர்கள், அப்புறம் பையே போய்விடும்.

"மனசு வந்தால் போறேன் மிஸ்" என்றார். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். சோர்ந்த மனசு தானாகக் கிளம்பாது. முதலில் செருப்பை மாட்டுங்கள், மனசு பாதி வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். அண்ணி வாசலில் வந்து நிற்பதும் அதற்காகத்தான். ஆனால் முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் இருந்தால், அது வெறும் களைப்பாக இல்லாமலும் இருக்கலாம். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தேன். ஆஃப் நாள் வட்டத்தில் இரண்டு பாகத்துக்குப் பச்சை மை அடித்து, 'நடை, பசியாறல், அண்ணி' என்று எழுதியிருந்தார்.

"அப்போ துணி?"

"மகன் துவைக்கிறான் மிஸ். ஸ்கூல் சட்டை நீலமாயிடுச்சு, பரவாயில்லை."